அடுப்படிச் சிக்கனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மளிகை பில் மாதாமாதம் ஏறுகிறது, குப்பை வாளியும் தினம் நிறைகிறது, இரண்டுக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று சந்தேகப்படுபவர்களுக்காக எழுதியது. நாலு பேர் உள்ள ஒரு சராசரித் தமிழ்நாட்டு வீட்டை மனதில் வைத்துச் சொல்கிறேன். அறை எடுத்துத் தனியாகச் சமைப்பவர்கள் அளவை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அப்படி என்ன பெரிதாக வீணாகிவிடப் போகிறது? கல்யாண மண்டபத்தில்தானே கொட்டுகிறார்கள்?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 சதவீதம் வீட்டு அடுப்படிகளிலிருந்து போனது. இந்தியாவுக்கு அவர்கள் போட்டிருக்கும் கணக்கு தலைக்கு ஆண்டுக்கு 55 கிலோ. நாலு பேர் வீட்டுக்குக் கணக்குப் போட்டால் நாளுக்கு 600 கிராம் வருகிறது. இதில் வாழைப்பழத் தோல், எலும்பு என்று தின்ன முடியாததும் சேர்த்திதான், அதனால் 600 கிராம் சோற்றைக் கொட்டுகிறோம் என்று அர்த்தமில்லை. ஆனாலும் ஒரு கரண்டி சாம்பார், இரண்டு இட்லி, வாடிய அரைக்கட்டுக் கீரை என்று தனித்தனியாகப் போவதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

அரிசி அளக்கும் டம்ளரிலிருந்து. மீந்ததை வைத்து என்ன செய்யலாம் என்று குறிப்பு தேடுவதற்கு முன்னால் ஏன் மீந்தது என்று பாருங்கள். பல வீடுகளில் அந்த டம்ளர் கணக்கு மாமியார் காலத்தில் போட்டது. அப்போது வீட்டில் ஏழெட்டுப் பேர், மூன்று வேளையும் சோறு. இப்போது நாலே பேர், அதில் ஒருவர் மதியம் ஆபீஸில் சாப்பிடுகிறார், இன்னொருவர் சுகர் வந்து இரவில் சப்பாத்திக்கு மாறிவிட்டார், கல்லூரிப் பிள்ளை எப்போது வீட்டில் சாப்பிடும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் டம்ளர் மட்டும் அப்படியே இருக்கிறது. ஓர் ஆழாக்கு அரிசி, அதாவது ஏறத்தாழ 168 மில்லி, நன்றாகச் சாப்பிடும் இரண்டு பேருக்கு ஒரு வேளைக்குப் போதும். காலையிலேயே "மதியம் யார் யார் வீட்டில்?" என்று கேட்டுவிட்டு அளந்து போடுங்கள். வேறு எந்த உத்தியும் இதற்கு ஈடாகாது என்பது என் எண்ணம்.

இன்னொன்று: ஒரு வாரம் மட்டும், கொட்டுவதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும், பெரும்பாலும் தேங்காய்ச் சட்னி. அப்படியென்றால் அரைப்பதைப் பாதியாக்குங்கள், முடிந்தது வேலை.

அளந்து வைத்து, திடீரென்று யாராவது வந்து சோறு பத்தாமல் போய்விட்டால்? மானம் போகாதா?

இந்தப் பயம்தான் நம் ஊரில் பாதி வீணடிப்புக்குக் காரணம். பத்தவில்லையென்றால் இன்னொரு ஆழாக்கு அரிசியைக் குக்கரில் வைத்தால் பேசிக்கொண்டிருக்கும்போதே வெந்துவிடும். அதுவும் முடியாத நேரத்துக்கு ரவை, அவல், சேமியா வீட்டில் இருக்கட்டும். என்றோ வரப்போகும் விருந்தாளிக்காகத் தினமும் ஒரு ஆள் சாப்பாடு கூடுதலாக வடிப்பது விருந்தோம்பல் இல்லை.

மொத்தமாக வாங்கினால்தானே மலிவு?

கெடாத பொருளுக்கு மட்டும். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று தயிர் டப்பாவை எடுத்துவந்து ஒன்றைப் புளிக்கவிட்டுக் கொட்டினால் லாபம் கடைக்காரருக்கு.

காய்கறிக்கு வேறு கணக்கு. சாயங்காலம் சந்தை கலையும் நேரத்தில் கூறு விலை இறங்கும், கத்தரிக்காயோ வெண்டைக்காயோ பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். ஆனால் அன்று இரவோ மறுநாளோ சமைத்துவிடுவோம் என்றால் மட்டும் வாங்குங்கள். உழவர் சந்தை பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. 1999-இல் மதுரையில் தொடங்கிய திட்டம் அது, விளைவித்தவரே கொண்டுவந்து விற்பதால் காய் புதிதாக இருக்கும், புதிதாக இருந்தால் வீட்டிலும் கூடுதலாக ஓரிரு நாள் தாங்கும். தக்காளியைப் பொறுத்தவரை ஒன்று சொல்லவேண்டும். 2023 ஜூலையில் சென்னையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது நினைவிருக்கும். அதே தக்காளியை விலை சரிந்து ரோட்டில் கொட்டும் காலமும் வருகிறது. அப்படிச் சரியும்போது நாலு கிலோ வாங்கி, நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை தொக்காகச் சுண்டவைத்து பாட்டிலில் போட்டுக்கொள்ளுங்கள். இட்லிக்கும் தயிர்சாதத்துக்கும் தொட்டுக்கொள்ள வேறு எதுவும் வேண்டாம்.

வருஷத்துக்கு வாங்கும் புளி, மிளகாய், பருப்பு வண்டு வைக்காமல் இருக்க?

புதுப்புளி மாசி, பங்குனியில் வரும். கொட்டை, கோது, நார் எல்லாம் எடுத்து வெயிலில் ஒரு காய்ச்சல் காயவைத்து, ஜாடியில் ஒரு அடுக்கு புளி, அதன்மேல் ஒரு கை கல்லுப்பு என்று மாற்றி மாற்றி அழுத்தி வைத்தால் அடுத்த வருஷம் வரை நிற்கும். கறுத்தாலும் பயமில்லை, பழம்புளியைத் தேடி வாங்குபவர்களும் உண்டு. பருப்பு வகைகளை வெயிலில் போட்டு, முழுக்கச் சூடு ஆறியபிறகு டப்பாவில் அடைத்து நாலு காய்ந்த மிளகாயைப் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும். அரிசியை மட்டும் உச்சி வெயிலில் போடாதீர்கள், நொய்யாக உடையும். நிழலில் உலர்த்தி, காய்ந்த வேப்பிலையையோ துணியில் முடிந்த வசம்பையோ நடுவில் புதைத்து வையுங்கள். ரவையை வறுத்து வைக்கவேண்டும், வேறு வழியில்லை.

கொத்தமல்லிக் கட்டு மூன்றே நாளில் அழுகிவிடுகிறதே?

ஈரம்தான் காரணம். கடைக்காரர் தண்ணீர் தெளித்துத் தெளித்து விற்பார், நாம் அதை அப்படியே பிளாஸ்டிக் பையோடு ஃபிரிட்ஜில் தள்ளுவோம். வாங்கி வந்ததும் கட்டைப் பிரியுங்கள். உள்ளே ஒன்றிரண்டு தண்டு ஏற்கெனவே கொழகொழவென்று இருக்கும், மற்றதைக் கெடுப்பது அதுதான், தயங்காமல் எடுத்துப் போடுங்கள். வேரை நறுக்கிவிட்டு, கழுவாமல், காற்றாட அரைமணி நேரம் பரப்பி, உலர்ந்த பருத்தித் துணியில் சுருட்டி டப்பாவில் வையுங்கள். துணி ஈரமானால் மாற்றுங்கள். ஒரு வாரத்துக்குமேல் பச்சையாக நிற்கும். செய்தித்தாளில் சுற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது, பழைய வேட்டித் துண்டு போதும்.

பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளி வைக்கவேண்டும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடையில் கூடாது. பழுத்த வாழைப்பழம், மாம்பழம், தக்காளி எல்லாம் எத்திலீன் என்ற வாயுவை விடும், பக்கத்தில் கீரையோ வெள்ளரிக்காயோ இருந்தால் சீக்கிரம் மஞ்சளாகும். உடைத்த தேங்காயில் கண் உள்ள மூடியை முதலில் துருவிவிடுங்கள், மற்ற மூடி ஃபிரிட்ஜில் இருக்கட்டும். அதற்குமேலும் மீந்தால் துருவி ஃபிரீசரில்.

கீரைக்கு மட்டும் எந்த வித்தையும் இல்லை. வாங்கின அன்றே ஆயுங்கள்.

இரவு மீந்த சோற்றைக் காலையில் சாப்பிடலாமா? விஷம் என்கிறார்களே!

எப்படி வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும், கொதிக்கும் தண்ணீரிலும் அவை சாவதில்லை. வெந்த சோற்றை வெதுவெதுப்பாக மூடி வைத்தால் வித்து முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சில் ஒரு வகை மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால் மதியம் வடித்த சோற்றை இரவு வரை மேடையிலேயே வைத்துவிட்டு, அப்புறம் ஃபிரிட்ஜில் வைப்பதால் பயனில்லை. இரண்டு மணி நேரத்துக்குள், அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடவேண்டும். ஃபிரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்கவேண்டும், மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கவேண்டும், அதுவும் ஒரே தடவை. அப்படி வைத்த சோறு எலுமிச்சை சாதத்துக்கும் புளியோதரைக்கும் புதுச்சோற்றைவிட நன்றாக இருக்கும், குழையாது.

அப்படியென்றால் பழைய சோறு?

அது வேறு கதை. ஆறின சோற்றில் அன்று இரவே தண்ணீர் ஊற்றி மூழ்கவைத்தால் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருகி லேசாகப் புளிக்கும், அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் எளிதில் வளராது. மதியச் சோற்றை ராத்திரி பத்து மணிவரை சும்மா வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது பழைய சோறு ஆகாது, கெட்டுப்போன சோறு. மண்சட்டியோ எவர்சில்வரோ, பாத்திரம் சுத்தமாக இருக்கட்டும். சித்திரை வெயிலில் காலையிலேயே மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். நூல் நூலாக இழுத்தாலோ, புளிப்பு வாசனை போய் நாற்றம் வந்தாலோ கொட்டிவிடுவதே சிக்கனம்.

மாவு புளித்துவிட்டது.

முதலில் ஊத்தப்பம்: பொடியாக நறுக்கிய வெங்காயமும் பச்சை மிளகாயும் தூவினால் புளிப்பு தெரியாது. அதற்கும் மேலே புளித்தால் கொஞ்சம் ரவையும் அரிசி மாவும் சேர்த்து, கடுகு, கடலைப்பருப்பு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம் ஊற்றுங்கள். இன்னும் புளிப்பென்றால் மாவில் நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கி ஃபிரிட்ஜில் வைத்து, தெளிந்து மேலே நிற்கும் தண்ணீரை இறுத்துவிட்டுப் பாருங்கள், பெருமளவு குறைந்திருக்கும். இளஞ்சிவப்பாகவோ கறுப்பாகவோ பூசணம் தெரிந்தால் எந்த வைத்தியமும் வேண்டாம்.

சாம்பார், பொரியல், கூட்டு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மீந்தால்?

திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் கல்யாண வீட்டில் மறுநாள் சுண்டக்கறி வைப்பார்கள். முந்தின நாள் சாம்பார், அவியல், பொரியல், புளிக்குழம்பு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுச் சுண்டச் சுண்டக் காய்ச்சுவது. பந்தியில் இலை நிறையச் சாப்பிட்டவர்கள்கூட அதற்காகக் காத்திருப்பார்கள். வீட்டிலும் செய்யலாம், இரவில் ஃபிரிட்ஜில் இருந்ததை வைத்து. தயிர் சேர்ந்த பச்சடியை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பொரியல் மீந்தால் தோசைக்குள் வைத்து மடிக்கலாம், சப்பாத்தி மாவில் பிசையலாம். மீந்த இட்லியை உதிர்த்து உப்புமா, சப்பாத்தியைக் கிழித்துக் கொத்துச் சப்பாத்தி, இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

காய்கறித் தோல், தண்டு எதையெல்லாம் சமைக்கலாம்?

பீர்க்கங்காய்த் தோல் துவையல்தான் இதில் ராஜா. காயை நன்றாகக் கழுவி, நரம்பை மட்டும் முதலில் சீவி எறிந்துவிட்டு, உள்தோலை எண்ணெயில் சுருள வதக்கவேண்டும், பச்சை வாசனை போகும்வரை. உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், புளி, கொஞ்சம் தேங்காயோடு கரகரப்பாக அரைத்தால் சூடான சோற்றுக்கு நெய்யோடு பிசைய அது போதும். சௌசௌ தோலும் இதே மாதிரி. வாழைக்காய்த் தோலைப் பொடியாக நறுக்கி வேகவைத்துப் பொரியல் செய்யலாம், தர்பூசணியின் வெள்ளைச் சதையைப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைக்கலாம், சுரைக்காய் மாதிரியே இருக்கும். முள்ளங்கி இலையைக் கீரைபோல வதக்குங்கள், பலாக்கொட்டையைச் சுட்டுத் தின்னலாம், கொத்தமல்லித் தண்டை ரசம் இறக்கும்போது நசுக்கிப் போடுங்கள். ஒரே ஒரு நிபந்தனை, வீட்டில் பிடித்தால் செய்யுங்கள். மூன்று கரண்டி எண்ணெய் செலவழித்துச் செய்த தோல் பொரியலை யாரும் தொடாமல் கொட்டுவதற்குத் தோலை மாட்டுக்கே போட்டிருக்கலாம்.

பாக்கெட்டில் தேதி தாண்டிவிட்டால் எறியவேண்டுமா?

எந்தத் தேதி என்று பாருங்கள். 'எக்ஸ்பயரி' அல்லது 'யூஸ் பை' என்று போட்ட தேதி தாண்டினால் சாப்பிடக்கூடாது. 'பெஸ்ட் பிஃபோர்' என்பது அதுவரை ருசியும் தரமும் குறையாது என்ற உறுதி மட்டும். அந்தத் தேதிக்குமேல் போன சேமியா பாக்கெட்டைப் பிரித்து, வாசனையும் வண்டும் பார்த்து முடிவு செய்யலாம். 2020-இல் வந்த லேபிள் விதிமுறையின்படி எக்ஸ்பயரி தேதி கட்டாயம், மற்றது விருப்பம்போல.

எதையெல்லாம் யோசிக்காமல் கொட்டவேண்டும்?

பூசணம் பிடித்த நிலக்கடலை முதலில். அதில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், வறுத்தாலும் போகாது. பிரெட்டில் ஒரு மூலையில் பச்சையாகப் பூத்திருந்தால் அந்த மூலையைக் கிள்ளி எறிந்து பயனில்லை, வேர் உள்ளே ஓடியிருக்கும். பச்சை நிறமாகிக் கசக்கும் உருளைக்கிழங்கு, உப்பிப்போன டின், மின்சாரம் நெடுநேரம் போயிருந்தபோது ஃபிரிட்ஜில் இருந்த மீனும் கறியும். மருத்துவச் செலவை மிச்சம் பிடித்த பணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வடை சுட்ட எண்ணெய்?

ஆறியதும் வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிக்க, வதக்கப் பயன்படுத்தி முடியுங்கள். திரும்பத் திரும்பப் பொரிக்காதீர்கள். எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது சிதைந்து உண்டாகும் பொருள்கள் ('மொத்த துருவச் சேர்மங்கள்' என்பார்கள்) 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக்கூடாது என்று 2018 ஜூலை முதல் விதியே இருக்கிறது. வீட்டில் அளக்க முடியாது. கறுத்து, கெட்டியாகி, அடுப்பில் வைத்ததும் நுரைத்துப் புகைந்தால் தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய் அடைக்கும்.

மீந்ததையெல்லாம் எங்கள் அம்மாவே சாப்பிட்டுவிடுவார், எங்கள் வீட்டில் எதுவும் வீணாவதில்லை!

இந்தப் பெருமையைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை. எல்லோரும் சூடான தோசை சாப்பிட, நேற்றைய உப்புமாவை ஒருவர் மட்டும் தினம் விழுங்குவதை மிச்சம் என்று கணக்கில் எழுதக்கூடாது. பசியில்லாமல், "கொட்ட மனசு வரலையே" என்று வயிற்றில் போடுவதும் ஒருவகை வீண்தான், நீரிழிவு உள்ளவர்கள் என்றால் கேட்கவே வேண்டாம். மீந்தது இருந்தால் மறுநாள் முதல் பரிமாறலாக எல்லார் தட்டிலும் கொஞ்சம் வையுங்கள். அப்புறம் பாருங்கள், "இவ்வளவு ஏன் செய்யணும்?" என்று மற்றவர்களும் கேட்க ஆரம்பிப்பார்கள்.

பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைக்கிறார்கள்.

சின்னக் கரண்டியால் போடுங்கள், கேட்டால் மறுபடி போடுங்கள். அவ்வளவுதான்.

பிறந்தநாள், வளைகாப்பு முடிந்து அண்டாவோடு மீந்தால்?

முந்தின நாளே பேசி வைக்கவேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு முதியோர் இல்லத்துக்கோ குழந்தைகள் இல்லத்துக்கோ போன் செய்தால் அவர்கள் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்திருப்பார்கள். கோயம்புத்தூரில் 2014-இல் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' மாதிரி மீந்த சாப்பாட்டை எடுத்துச் சென்று கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்; சென்னை பெசன்ட் நகரில் 2017-இல் 'ஐயமிட்டு உண்' என்று பொதுக் குளிர்பெட்டியே வைத்தார்கள். பந்திக்குக் கொண்டுபோகாத, கைபடாத பாத்திரத்தில் இருப்பதை மட்டும், சமைத்த சில மணி நேரத்துக்குள் கொடுங்கள். நாம் சாப்பிடத் தயங்குவதை இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது.

கேஸ் மிச்சம் பிடிக்க?

பருப்பை, கடலையை ஊறவைத்து வேகவையுங்கள், மூடி போட்டுச் சமையுங்கள், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததைக் கொஞ்சம் குளிர் விட்டபிறகு அடுப்பில் ஏற்றுங்கள், குக்கரில் அடுக்கு வைத்துச் சோறும் பருப்பும் ஒன்றாக இறக்குங்கள். விசில் வந்ததும் தீயைக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது.

இதையெல்லாம் மீறி மிஞ்சும் தோல், சக்கை?

அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள், இரண்டாம் கழுநீரில் புளி ஊறவைக்கலாம். வடிகஞ்சி இருந்தால் பருத்திப் புடவைக்கு. தோலுக்கு, அடியிலும் பக்கத்திலும் துளை போட்ட ஒரு பழைய பெயிண்ட் வாளி போதும். அடியில் காய்ந்த இலையோ தேங்காய் நார்க்கழிவோ ஒரு அடுக்கு, அதன்மேல் அன்றைய தோல், மறுபடி ஒரு கை காய்ந்தது என்று போட்டு வாருங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காய்ந்த இலையைக் கூட்டுங்கள். எறும்பு வந்தால் வறண்டுவிட்டது, மோர் கழுவிய தண்ணீரைத் தெளியுங்கள். எண்ணெய்ப் பண்டம், மீன், கறி மட்டும் வேண்டாம், எலியும் பூனையும் வாளியைக் கவிழ்த்துவிடும். வாளி நிறைந்தபிறகு அவ்வப்போது கிளறிவிட்டால் இரண்டு மாதத்தில் மண்வாசனையோடு கறுப்பாக உதிரும், அப்போது தொட்டிக்குப் போடலாம்.